அக்கா ஆற்றில் விடாத மீன்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுச் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பணியாற்றிய அன்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். நான் கேரள எல்லையில் இருக்கும் எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. மின்சார ஆபீசுக்கும் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசுக்கும் எழுதிய விண்ணப்பங்களைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாதவன். அக்காவின் ஆராய்ச்சிகளைப் பற்றி அவருடைய மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சி வாழ்க்கையின் நடுவில் நடந்த ஒரு காரியம் அவர்களுக்குப் பாதிதான் தெரியும். மீதி எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அக்கா பிறந்தது எருத்தேன்பதியில்தான். அப்பாவுக்கு நிலக்கடலையும் சோளமும் விளையும் மானாவாரி நிலம், ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தென்னை. பக்கத்தில் ஆறு இல்லை. மலைக்கு அந்தப்புறம் கொட்டித் தீர்த்த மழையில் மிச்சம் மீதிதான் எங்கள் பக்கம் வரும். மீன் என்றால் எங்களுக்குச் சந்தையில் விற்கும் கருவாடு, அவ்வளவுதான்.

அக்கா நான்காம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் கிணற்றில் தூர் வாரினார்கள். சேற்றோடு மேலே வந்த கூடையில் விரல்நுனி அளவில் மீன்கள் துள்ளின. ஆறே இல்லாத இடத்தில் கிணற்றுக்குள் மீன் எப்படி வந்தது என்று அக்கா எல்லோரையும் கேட்டார். மழையோடு விழுந்தது என்றார் ஒருவர். கொக்கின் காலில் முட்டை ஒட்டி வந்தது என்றார் இன்னொருவர். அக்கா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அப்பாதான் உண்மையைச் சொன்னார். கொசுப்புழுவைத் தின்பதற்காக ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் டப்பாவில் கொண்டுவந்து ஊர்க் கிணறுகளில் எல்லாம் விட்டுவிட்டுப் போனாராம்.

"மீனுக்குக்கூட ஆபீசருங்க இருக்காங்களா?" என்று அக்கா கேட்டார். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அக்கா சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, பிறகு விலங்கியல் பட்டம் பெற்று, மீன் பற்றி மேற்கொண்டு படிக்கக் கொச்சிக்குப் போக வேண்டும் என்று அக்கா சொன்னபோது அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "பொட்டப்புள்ளைய கடலோரத்துல கொண்டு போயி உடறதாங்க? அங்க கொழம்புல எல்லாம் தேங்கெண்ணெய ஊத்துவாங்களாமா" என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊத்துனா ஊத்தட்டும். நாம காய்க்க வெக்கற தேங்காதானே" என்றார். எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய விவாதம் இவ்வளவுதான். அடுத்த வாரம் அப்பாவே அக்காவை ரயிலேற்றி விட்டார்.

கொச்சியில் அக்காவின் மலையாளத்தைக் கேட்டு உடன் படித்தவர்கள் சிரித்தார்களாம். பாதி மலையாளம், பாதி எங்கள் எல்லைத் தமிழ். முதல் கருத்தரங்கில் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, மீன் எந்த மொழியில் கேட்டாலும் முட்டை வைக்காது, தண்ணீர் சரியாக இருந்தால் மட்டுமே வைக்கும், எனவே தண்ணீரைப் பற்றிப் பேசுவோம் என்று அதே கலப்பு மொழியில் பதில் சொன்னாராம். அந்த ஆண்டு முதல் மதிப்பெண் அவருக்குத்தான். முனைவர் பட்டத்தையும் அங்கேயே முடித்தார்.

கேரளத்தில் ஒரு மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அவருடைய ஆரம்பகால வேலையைப் பலரிடம் விளக்கிச் சொல்ல நானே பாடுபட்டிருக்கிறேன். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் ஓடும் ஆற்றில் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இடாது. இன்னொரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் மிளகைவிடச் சிறிய சுரப்பியை எடுத்துச் சாறாக்கி ஊசி போட்டால் குளத்து மீனும் முட்டையிடும். அந்தச் சுரப்பிக்காக அக்கா விடியற்காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய், வெட்டிப் போட்ட தலைகளைப் பை நிறைய வாங்கிவருவார். மார்க்கெட்டில் இருந்தவர்கள், குடும்பத்தோடு தலைக்கறி மட்டுமே தின்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையும் இதே மீன் தலையில்தான் முடிந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் சுரப்பி எடுக்கக் கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பையோடு வாசலில் வந்து நிற்கவும், மாப்பிள்ளை வீட்டார் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கவும் சரியாக இருந்தது. வந்திருந்த பெரியவர் மூக்கைச் சுளித்து, "ஏனுங்க, பொண்ணு மீன் யாவாரம் பண்ணுதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. மீன் மண்டையில இருந்து மருந்து எடுக்கறனுங்க" என்று அக்கா பதமாகப் பதில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர்கள் போய்விட்டார்கள். கல்யாணமே வேண்டாம் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காக வேலையை மறைத்துப் பேசமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவர் தனியாக வாழ்ந்ததை நினைத்து வருந்தும் உறவினர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் வருந்தி நான் பார்த்ததில்லை.

விவசாயிகளிடம் அவர் பேசும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருமுறை அவர் எங்கள் வீட்டில் இருந்தபோது எலப்புள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்தார். குளம் வெட்டிக் கட்லா விட்டிருந்தவர்.

"டாக்டரம்மா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. ஆரோ வெசம் வெச்சுப்போட்டாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் மேலதானுங்க எனக்குச் சந்தேகம்."

"நேத்து குளத்துல சாணி போட்டீங்களா?"

"ஒரு வண்டி போட்டனுங்க."

"அங்க வானம் மூடாக்காவா இருக்குது?"

"ஆமாங்க, ரண்டு நாளா வெயிலே இல்லீங்க."

"அப்படீன்னா அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரையே ஓடிப்போயிக் கூப்புடுங்க. உங்க மோட்டாரு, அவரு மோட்டாரு ரண்டையும் ஒட்டுக்காப் போட்டுத் தண்ணிய மேல இருந்து பீச்சி அடிங்க. மீனுக்கு மூச்சு முட்டுது. வெசமெல்லாம் ஒண்ணுமில்லை. இனி நான் சொல்ற வரைக்கும் சாணி போடாதீங்க."

மதியத்துக்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அந்த இரண்டு பேரும் இப்போது ஒருவர் மோட்டாரை ஒருவர் கேட்டு எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த காரியம்.

இடுக்கியில் கம்பம்மெட்டுக்கு மேற்கே ஏலக்காடுகளுக்கு நடுவில் ஒரு சிற்றாறு ஓடுகிறது. மலை ஓடைகளில் வாழும் ஒரு பெரிய கெண்டை அங்கே நிறைய இருந்ததாம். மாசீர் என்று அதை விஞ்ஞானிகள் சொல்வார்கள். வெடி வைத்துப் பிடித்ததாலும், தோட்டத்து மருந்து தண்ணீரில் கலந்ததாலும் அது அருகிப்போய், ஆழமான நீர்க்குழிகளான ஒன்றிரண்டு கயங்களில் மட்டும் மிச்சமிருந்தது. அதிலிருந்து சில மீன்களைப் பிடித்து வளர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை மறுபடி அதே ஆற்றில் விட வேண்டும் என்பது அக்காவின் திட்டம். அதற்காக மலையிலேயே ஒரு சிறிய குஞ்சு பொரிப்பகம் அமைத்துக் கொடுத்தார்கள்.

அது சுலபமான மீன் இல்லை. முதல் ஆண்டு முட்டையே இல்லை. அடுத்த ஆண்டு முட்டைகள் பூஞ்சை பிடித்து வெளுத்துப்போயின. அதற்கடுத்த ஆண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் எல்லாம் போயிற்று. அக்கா சளைக்கவில்லை. தட்டுகளில் முட்டையைப் பரப்பி, ஓடைத் தண்ணீரையே சரிவில் இறக்கி, கரண்ட் தேவைப்படாதபடி மாற்றி அமைத்தார்.

அந்தப் பொரிப்பகத்தில் இன்னொரு தொட்டியும் இருந்தது. மலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் ஓடும் வேறோர் ஆற்றிலிருந்து வேறு ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த மாசீர்கள் அதில் இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று மேற்கு ஆற்று மீன், இன்னொன்று கிழக்கு ஆற்று மீன். இரண்டும் கலக்கவே கூடாது.

நான்காவது ஆண்டு மழைக்கு முன் எங்கள் அப்பா காலமானார். அக்கா ஊருக்கு வந்து கருமாதி முடியும்வரை எங்களோடு இருந்தார். பிறகு மலைக்குத் திரும்பினார். அந்த ஆண்டு முட்டைகள் நன்றாகப் பொரித்தன. ஆயிரக்கணக்கில் குஞ்சுகள். அக்கா போனில் பேசியபோது அவர் குரலில் இருந்த துள்ளலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குஞ்சுகளை ஆற்றில் விடும் நாளை நிலையத்தார் ஒரு விழாவாக ஏற்பாடு செய்தார்கள். பந்தல், மைக், பெரிய அதிகாரிகள். தோட்டத்துப் பெண்களுக்கு அரைநாள் விடுப்பு. குடும்பத்தார் சார்பில் என்னையும் என் மனைவி சாந்தாமணியையும் அக்கா அழைத்திருந்தார். நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டோம். ஆற்றின் குளிருக்குப் பழகட்டும் என்று குஞ்சுகளைக் கரையோரம் வலைக்கூண்டுகளில் விட்டிருந்தார்கள்.

அங்கே செல்வமேரி என்று ஒருவர் இருந்தார். ஏலக்காய் எடுக்கும் தொழிலாளி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அந்த ஆற்றில் தூண்டில் போட்டவர். ஆற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து நோட்டில் குறித்து வைக்கும் வேலையை அக்கா அவருக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மாலை அவர் கூண்டருகே வந்து வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. இது எங்க ஆத்து மீனு இல்ல."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"செட்டையப் பாருங்க. எங்க மீனுக்கு செட்டையில நீலம் பாஞ்சு கெடக்கும். குஞ்சாயிருக்கும்போதே தெரியும். இது செவந்துல்ல கெடக்கு."

பக்கத்தில் நின்ற நிலையத்து ஊழியர் ஒருவர் சிரித்துவிட்டு, தீவனத்தால் அப்படி நிறம் வரும் என்றார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு சின்ன வலையையும் இரண்டு வாளிகளையும் எடுத்து செல்வமேரி கையில் கொடுத்து, "நீங்களே பிரிச்சுக் காட்டுங்க" என்றார். செல்வமேரி ஒரு வாளியில் துடுப்பு சிவந்தவற்றையும் இன்னொன்றில் துடுப்பில் நீலம் பாய்ந்தவற்றையும் போட்டார். சிவப்பு வாளி நிறைந்துவிட்டது. நீல வாளியில் விரல்விட்டு எண்ணும்படி சில மட்டும் நீந்தின.

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கும்வரை ஒவ்வொன்றாக எடுத்துச் செதில் எண்ணினார், உதட்டைப் பார்த்தார். மறுநாள் காலையில் பொரிப்பகத்துக்குப் போய் தாய் மீன்களையும் தந்தை மீன்களையும் ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் பார்த்தார். செல்வமேரி சொன்னதுதான் சரி. மேற்கு ஆற்றுத் தொட்டியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் கிழக்கு ஆற்று மீன்கள். விசாரித்ததில், அக்கா இல்லாதபோது ஒரு தொட்டி விரிசல்விட்டு ஒழுகியிருக்கிறது. வேலையாட்கள் இரண்டு தொட்டி மீன்களையும் ஒன்றாக விட்டு, பிறகு கண்ணால் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

அக்கா இயக்குநருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். விழா நடக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆற்றில் விட்ட மீனில் எது எது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா, "செல்வமேரிக்குத் தெரியும் சார். கண்டுபிடிச்சதே அவங்கதான்" என்று சொன்னார். போன் வைக்கப்பட்டுவிட்டது. விழாவை நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

விழாவன்று காலை பந்தல் நிறைந்திருந்தது. நான் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திட்டத்தை விளக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் மலையாளத்தில் அதிகாரிகளுக்குச் சொன்னார். பிறகு தோட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். அது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"இந்த மீன் பாக்க நல்லா இருக்குது. நல்லாவும் வளரும். ஆனா இது உங்க ஆத்து மீன் இல்லை. வேற ஆத்து மீன். உங்க ஆத்துல மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். அதோட இது கலந்துட்டா, அப்பறம் எந்த விஞ்ஞானி வந்தாலும் பிரிச்சு எடுக்க முடியாது. உங்க மீன் இல்லாமயே போயிரும். தப்பு என்னோடது. அதனால இன்னிக்கு இதை நான் விடமாட்டேன்."

ஒரு அதிகாரி எழுந்து காரை நோக்கி நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எனக்குத் தலை நிமிரவே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும் உரக்கக் கேட்டார். "அப்ப எங்க மீனு எப்பம்மா வரும்?"

"தெரியலீங்க. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

செல்வமேரி பந்தலுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். தன் வாயால்தான் இவ்வளவும் கெட்டது என்று நினைத்துக்கொண்டார். அக்கா நேரே அவரிடம் போய், "நீங்க சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நான்தான் அழுதிருப்பேன். நாளைக்கு ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு பாத்து மறக்காம எழுதுங்க" என்று சொன்னார்.

ஆற்றில் விடாத அந்தக் குஞ்சுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நல்ல மீன், வளர்த்துச் சாப்பிடலாம் என்றார் அக்கா. நிலையத்தின் எழுத்துமூல அனுமதியோடு அவை எங்கள் தோப்புக்கு வந்தன. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் போட்டு வேனில் ஏற்றி, கம்பம்மெட்டு வளைவுகளில் இறங்கிக் கம்பம், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பகல் முழுதும் பயணம். டீக்கடை தோறும் வண்டியை நிறுத்தி ஐஸ் கட்டி வாங்கிப் பைகளுக்கு நடுவில் வைத்தோம். கடைக்காரர்கள் சர்பத்துக்கா என்று கேட்டார்கள்.

எங்கள் தோப்பில் போர்த் தண்ணீரைத் தேக்க ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி உண்டு. வந்து இறங்கியதும் அக்கா மீனைப் பார்க்கவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் நிறைந்தால் தோப்போரத்து மழை ஓடைக்கு வழிந்து ஓடக் குழாய் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சிமெண்ட் போட்டு அடைக்கச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே பந்தலில் பட்ட அவமானம். கோபமாகவே கேட்டேன்.

"ஏனுங்கக்கா, தொட்டி நெறஞ்சா தண்ணி வேற எங்க போகும்?"

"நெறையாம பாத்துக்கோ. இந்த ஓடை போயி ஆத்துல சேருது. ஆறு மேக்கே போகுது. மேக்கே போற தண்ணியில இந்த மீன் ஒண்ணுகூடப் போகப்படாது."

"ஒரே ஒரு மீனு போனா என்னுங்க ஆயிரும்?"

"இதையேதான் எங்க டைரக்டரும் கேட்டாரு" என்றார் அக்கா. அன்றே கொத்தனாரை வரவழைத்துக் குழாயை அடைத்தேன்.

அந்த வாரம் அக்காவிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர் எழுதிய பதிலின் நகல் மேசைமேல் கிடந்தது. நான் எடுத்துப் படித்தேன். மீன்கள் மாறியது இந்தத் தேதிகளுக்கு இடையில், சரிபார்க்காமல் பதிவேட்டில் கையெழுத்திட்டது நான், தவறு முழுவதும் என்னுடையது என்று மூன்று வரிகள். தேதிகளை மறுபடியும் படித்தேன். அப்பாவின் கருமாதிக்காக அவர் எங்களோடு இருந்த நாட்கள் அவை.

"அக்கா, அப்ப நீங்க இங்கதான இருந்தீங்க. அப்பனுக்குக் கருமாதி. மீனை மாத்தி உட்டது வேற ஆரோ. நீங்க ஏனுங்க உங்க மேல எழுதிக்கிட்டீங்க?"

"மாத்துனது அவங்க. திரும்பிப் போயி, பாக்காம கையெழுத்துப் போட்டது நானு."

"அப்பன் போன துக்கத்துல இருந்தேன்னு ஒரு வரி எழுதுனா என்னுங்க? படிக்கறவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்லீங்க?"

அக்கா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "அப்பனைக் கொண்டு போயி அந்தக் காயிதத்துல நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்டார்.

இதுதான் அவருடைய மாணவர்களுக்குத் தெரியாத பாதி. துக்கத்தில் இருந்த ஒருவர் செய்த பிழை அது என்று அந்த நிலையத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மீனை மாற்றி விட்ட தினக்கூலி வேலையாட்களின் பெயரும் அந்தக் கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் மறுநாளே அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அந்த ஆண்டு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. திட்டத்தையும் இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தார்கள். அக்கா விட்டுவிடவில்லை. விடுப்பு நாட்களில் தன் செலவில் பஸ் ஏறிப் போய், செல்வமேரியோடு ஆற்றோரம் நடந்து, எந்தக் கயத்தில் எந்த மாதம் மீன் இருக்கிறது என்று குறித்து வந்தார். திட்டம் மறுபடி தொடங்கியபோது அந்த நோட்டுகள்தான் அடிப்படை. இந்த முறை ஒவ்வொரு பெற்றோர் மீனுக்கும் அடையாள அட்டை. மீனைத் தொட்டி மாற்றினால் ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரும் பார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்துக்கு அக்கா அடிக்கடி செல்வமேரியைத்தான் கூப்பிடுவார்.

அந்த விழாவுக்குப் பிறகு ஐந்தாவது மழைக்காலத்தில் நீலச் செட்டைக் குஞ்சுகள் வந்தன. பந்தலும் மைக்கும் இல்லாமல், மழை தூறிய ஒரு காலையில் தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று வாளிகளைக் கவிழ்த்தார்கள். அன்று எனக்குப் போன் வந்தது. "தம்பி, இன்னிக்கு உட்டாச்சு" என்றார். "எல்லாம் சரியான மீனுதானுங்களா?" என்று நான் கேட்டுவிட்டேன். அக்கா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மருந்தடிக்கும் டிரம்களை ஆற்றில் கழுவுவதில்லை என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில், அங்கேயே முட்டையிட்டுப் பிறந்த குஞ்சுகளையும் அக்கா பார்த்தார்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அக்கா தம் பெயருக்கு அடுத்ததாக செல்வமேரியின் பெயரைப் போட்டார். அந்த ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் செல்வமேரி எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டு எழுதினார்கள். அக்கா அந்த இடத்தில் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் எண்ணையும் எழுதி அனுப்பினார். அப்படியே அச்சாகி வந்தது.

எங்கள் தொட்டி மீன்கள் எங்கள் ஊர் வெயிலில் பாதி செத்தன, மீதி மெதுவாக வளர்ந்தன. உங்களில் பலர் எங்கள் வீட்டில் சாந்தாமணி கையால் அதைக் குழம்பாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அது எந்த மீன், ஏன் இங்கே வந்தது என்று கேட்டவர்களுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பணி ஓய்வுக்குப் பின் அக்கா எருத்தேன்பதிக்கே வந்துவிட்டார். ஓய்வு என்பது பேருக்குத்தான். மீன் வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்கு வகுப்பு எடுத்தார். காலை ஆறு மணிக்கே போன் அடிக்கத் தொடங்கிவிடும். புற்றுநோய் என்று தெரிந்தபோது மருத்துவரிடம், எவ்வளவு காலம் என்று நேராகக் கேட்டார். அவர் தயங்கியதும், "நான் ஆராய்ச்சி பண்ணுனவ. உண்மையச் சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி வேலைய முடிச்சுக்குவேனுங்க" என்றார். சொன்ன காலத்தைவிட ஐந்து மாதம் கூடுதலாக இருந்தார். படுக்கையிலும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினார். வலி அதிகமான நாட்களில் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. கஞ்சி கொண்டுவரும் சாந்தாமணியிடம் மட்டும் உப்பு எச்சு, உப்பு கம்மி என்று தினமும் ஒரு குறை சொல்வார். அது அவர்கள் இருவருக்குள் இருந்த விளையாட்டு. ஒரு காலைப்பொழுதில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கோயம்புத்தூர் மருத்துவமனையில் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெரியவராகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் காரை எடுத்துவந்த எங்கள் பக்கத்துத் தோப்புக்காரருக்கும், கடைசி மாதங்களில் முறைவைத்து வந்து தங்கிய மாணவ மாணவியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. துக்கம் கேட்டதும் மூன்று பஸ் மாறி அடக்கத்துக்கு முன் வந்து சேர்ந்த செல்வமேரிக்கு நான் என்ன சொல்வது? அன்று அவர், "எங்க லயத்து நம்பர அச்சுல போட்டவுகய்யா இவுக" என்று சொல்லி அக்காவின் காலைத் தொட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தங்கள் தினக்கூலி வேலையை அக்காவின் கடிதத்தால் காப்பாற்றிக்கொண்டதாகச் சொல்லி, பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பொரிப்பகத்துத் தொழிலாளர்கள் இருவரும் அன்று வந்திருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நினைவு நாளில் அக்காவின் பெயரால் பாலக்காட்டுச் சித்தூர் ஆற்றில் மீன் குஞ்சுகள் வாங்கி விடலாமா, புண்ணியமாகப் போகுமே என்று உறவினர்கள் சிலர் அன்போடு கேட்டீர்கள். அவர்களுடைய மனதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் வேண்டாம். எந்த ஆற்றிலும், எந்தக் கோயில் குளத்திலும், அக்காவின் பெயரைச் சொல்லி ஒரு மீனைக்கூட விடாதீர்கள். எங்கிருந்து வந்த மீன் என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஏற்கெனவே அங்கே இருப்பதை அங்கே இருக்கவிட்டால் போதும். அக்கா அதைத்தான் விரும்புவார்.